கல்யாண ஃபார்முக்குப் போட்ட கறுப்புக் கட்டம்

அன்புள்ள தினேஷ்,

நீயும் நித்யாவும் நன்றாக இருக்கிறீர்களா? புனேயில் குளிர் ஆரம்பித்துவிட்டதாக நித்யா சொன்னாள். ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்றால் கேட்கிற ஆளா நீ? சரி, அதை உன் பெண்டாட்டி பார்த்துக்கொள்வாள். இதை ஃபோனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். ஃபோனில் நான் வாயைத் திறப்பதற்குள் "சரிம்மா, சரிம்மா, மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் உன் "சரிம்மா" செல்லாது, முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும். தடிமனான ஸ்கெட்ச் பேனாவில் பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறேன், பக்கம் நிறைய ஆகும். உங்கப்பா ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ஏதாவது ஒரு பக்கம் தலைகீழாக வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு லிங்க் அனுப்பினாய். ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்கு உங்கள் கம்பெனி செய்து கொடுக்கும் வெப்சைட், டாக்டரைப் பார்க்க வீட்டிலிருந்தே பதிவு செய்கிற ஃபார்ம், அதில் கட்டங்களுக்கெல்லாம் கோடும் கலரும் போட்டு அலங்காரம் செய்தது நீதான் என்று எழுதியிருந்தாய். நானும் பெற்ற பாசத்தில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி "சூப்பர்" என்று போட்டேன். பொய்டா அது. எழுத வேண்டிய கட்டம் ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. வெள்ளைப் பக்கம், அதன்மேல் வெள்ளைக் கட்டம், சுற்றிலும் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாத ஒரு சாம்பல் கோடு. கட்டத்துக்குள்ளே "பெயர்" என்று மங்கலாக எழுதி வைத்திருக்கிறாய், எழுத ஆரம்பித்ததும் அதுவும் காணாமல் போய்விடுகிறது. நடுவில் குக்கர் விசிலடித்தது. அணைத்துவிட்டு வந்து பார்த்தால், நான் நின்றுகொண்டிருப்பது பேர் எழுதும் இடத்திலா வயசு எழுதும் இடத்திலா என்று புரியவில்லை. தடவித் தடவி வயசு கேட்ட இடத்தில் "தாம்பரம்" என்று அடித்தேன். உடனே கட்டம் சிவப்பாகி என்னைத் திட்டியது. என்ன தப்பு என்றாவது சொன்னதா? அதுவும் இல்லை.

இதைக்கூட விட்டிருப்பேன். இந்தச் சாம்பல் கோடு வயசானவங்களுக்குத் தெரியாது என்று உனக்கே தெரியுமாம், ஆனால் மேனேஜருக்கு அப்படித்தான் பிடித்திருக்கிறதாம், "எதுக்கு வம்பு"ன்னு வாயை மூடிக்கொண்டாயாம். நித்யா சொன்னாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. உலகத்தில் வேறு எவனாவது அப்படிச் சொன்னால் தொலையட்டும் என்று விட்டுவிடுவேன், ஆனால் இந்தச் சாம்பல் கோட்டால் நம் வீட்டில் என்ன நடந்தது என்று பார்த்தவன் நீ. அடுத்த மாதம் எனக்குக் கண் ஆபரேஷன். நான் வரட்டுமா என்று நீ கேட்டதற்கு, அதெல்லாம் ஒன்றும் வேண்டாம், உங்கப்பா இருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படி.

கல்யாணத்துக்கு முந்தின தை மாதம்தான் என் கண் சரியில்லை என்பதே எனக்கு உறைத்தது. கீழ்க்கட்டளை கிளினிக்கில் அத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவள், வருகிறவர்களை எல்லாம் "கண்ணை வருஷத்துக்கு ஒரு தடவை காட்டுங்கம்மா" என்று நச்சரித்தவள், என் கண்ணை மட்டும் நான் காட்டவில்லை. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வேன். பக்கத்தில் வந்து நிற்கிற ஆள் தெரியாமல் திடுக்கிடுவேன். வயசாகுது, அவசரக்குடுக்கை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் கேம்ப் ரோட்டில் ஆட்டோக்காரன் சடன் பிரேக் போட்டு, "வூட்ல சொல்லிகினு வந்தியாம்மா?" என்று கத்தினான் பார், அன்றைக்குத்தான் பயம் வந்தது. நீதான் லீவு போட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாய். கண்ணுக்குள்ளே அழுத்தம் அதிகமாகி நரம்பு கெட்டுப்போயிருக்கிறது, பக்கவாட்டுப் பார்வை குறைந்துவிட்டது, போனது போனதுதான், மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம், கூடவே புரையும் இருக்கிறது என்றார் டாக்டர். வெளியே வந்ததும் பார்க்கிங்கில் வைத்து உன் கையை எடுத்து என் தலைமேல் வைத்துக்கொண்டேன். நித்யா வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

ஏன் வாங்கினேன் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். நிச்சயம் முடிந்திருந்தது, தாலி இன்னும் ஏறவில்லை. அவர்கள் படப்பையில் பரம்பரையாக நிலம் நீச்சு வைத்திருந்த குடும்பம், இப்போது அந்த நிலத்தில் வரிசையாகக் கடை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். உங்கப்பா ரிட்டையர் ஆன பஸ் டிரைவர், நான் கிளினிக் நர்ஸ். நீங்கள் ரெண்டு பேரும் நாவலூர் ஆபீஸில் பார்த்துப் பழகி, பெரியவர்களைச் சம்மதிக்க வைப்பதற்குள் உன் தலையில் பாதி முடி போய்விட்டது. இந்த நேரத்தில் பையனின் அம்மாவுக்குக் கண் போகிறது என்று தெரிந்தால், "குருட்டு மாமியாருக்கு ஆயா வேலை பார்க்கவா எங்க பொண்ணைக் கொடுக்கிறோம்?" என்று ஒருத்தராவது கேட்க மாட்டார்களா? கேட்பார்கள். என் பெண்ணாக இருந்தால் நானே கேட்டிருப்பேன்.

அப்புறம் அந்தக் கல்யாண ஃபார்ம். பத்திரிகையைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கு வைத்து, நேரில் போய் அழைப்பதெல்லாம் முறைப்படி நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மண்டபம் படப்பையில், நம் ஆட்கள் எல்லாம் தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம். எத்தனை பஸ் பேசுவது, சமையல்காரருக்கு எத்தனை இலை சொல்வது என்று உங்கப்பா தலையைப் பிய்த்துக்கொண்டார். "கவலைய விடுப்பா, ஒரு பேஜ் போட்டுத் தரேன், அவங்கவங்களே ஃபில் பண்ணிடுவாங்க" என்றாய். மேலே உங்கள் ரெண்டு பேர் போட்டோ, அதற்குக் கீழே பேர், அதற்கும் கீழே கட்டங்கள். யார், எத்தனை பேர், ராத்திரி ரிசப்ஷனுக்கா, காலையில் முகூர்த்தத்துக்கா, பஸ் வேண்டுமா, அவ்வளவுதான். முதலில் சாம்பல் கோடு போட்டுச் செய்ததை எடுத்துவந்து, "அம்மா, நீ ஒரு தடவ ஃபில் பண்ணிப் பாரேன்" என்று என் கையில் ஃபோனைக் கொடுத்தாய்.

நான் விரலால் பக்கம் முழுக்கக் குத்திக்கொண்டிருந்தேன், ஒன்றும் திறக்கவில்லை. நீ என் விரலையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். "கட்டம் எங்கடா வச்சிருக்க?" என்றேன். "உன் விரலுக்குக் கீழதாம்மா இருக்கு" என்றாய். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். டாக்டர் சொன்னபோதுகூட நீ அப்படி உடைந்து போகவில்லை. ஃபோனை வாங்கி வைத்துவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாய். கொஞ்ச நேரம் கழித்து வந்து மறுபடி கொடுத்தாய். ஒவ்வொரு கட்டத்துக்கும் நல்ல தடிமனாகக் கறுப்புக் கோடு. உள்ளே மங்கலாக எழுதியிருந்ததை எடுத்து வெளியே, கட்டத்துக்கு மேலே, கொட்டை எழுத்தில் போட்டிருந்தாய். "டேய், தெரியுதுடா!" என்று நான் போட்ட கூச்சலில் உங்கப்பா மொட்டை மாடியிலிருந்து ஓடிவந்துவிட்டார். நம் சொந்தக்காரர்கள் பேரை எல்லாம் ஒவ்வொன்றாக நானே அடித்துப் பார்த்தேன். அன்றைக்கு நீ வெறும் கோடு போடவில்லை, என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

நடந்த தப்பு என்னவென்று அப்புறம் நீயே சொன்னாய். கட்டங்களுக்கு மட்டும் என்று நினைத்து நீ கம்ப்யூட்டருக்கு எழுதிய உத்தரவு, அந்தப் பேஜில் கோடு போட்ட எல்லாவற்றுக்கும் சேர்ந்து விழுந்துவிட்டது. போட்டோவைச் சுற்றியும் அதே தடிமனான கறுப்பு. நீ அவசரத்தில் மேலே போய்ப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. எனக்கு இப்போதெல்லாம் எதைக் குறி வைத்துப் பார்க்கிறேனோ அது மட்டும்தான் தெரியும், கட்டத்தைப் பார்த்தேன், கட்டம் தெரிந்தது, சந்தோஷத்தில் மூழ்கிவிட்டேன். காலையில் ரெண்டு வீட்டு வாட்ஸ்அப் குரூப்பிலும் லிங்க்கைப் போட்டுவிட்டு நீ ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டாய். ஒன்பது மணிக்கு முதல் ஃபோன், நித்யாவின் பெரியப்பாவிடமிருந்து. உங்கப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னா சம்மந்தி இது? பொண்ணு போட்டோ, மாப்ள போட்டோ, சுத்தி கறுப்புக் கட்டம், கீழ ரெண்டு பேரு பேரு. எங்க தெருமுனைல நேத்து ஒரு கண்ணீர் அஞ்சலி ஒட்னான், அச்சு அசலா இதே மாரி கீது. பாத்ததும் எனக்கு நெஞ்சு அடச்சிகினு போச்சு. ஊர்ல அவனவன் போன் பண்ணி துக்கம் விசாரிக்கிறான் தெரியுமா?"

உங்கப்பாவுக்கு வாய் குழறிவிட்டது. நல்ல காரியம் என்றால் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுக்கிற ஜனம் நாம். கறுப்பு ஓரம் போட்ட கார்டு வந்தால் வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே வருகிறவர்கள். கல்யாணம் ஆகப்போகிற ரெண்டு குழந்தைகளின் போட்டோவைச் சுற்றி நாமே கறுப்புக் கட்டம் கட்டி ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறோம். நீ ஆபீஸ் போகிற பாதி வழியில், மேடவாக்கத்தில் வண்டியை ஓரம் கட்டி அங்கிருந்தே அதை எடுத்துவிட்டாய். ஆனால் எத்தனை பேர் அதற்குள் போட்டோ பிடித்து வைத்துவிட்டார்கள்!

அன்று சாயந்தரமே அவர்கள் காரில் வந்து இறங்கினார்கள். பெரியப்பா, பெரியம்மா, நித்யாவின் அப்பா, பிடிவாதமாகக் கூடவே நித்யா. நித்யாவின் அப்பா அந்த வீட்டில் வாயே திறக்க மாட்டார், அண்ணன் சொல்வதுதான் எல்லாம். நான் காபி போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். பெரியம்மாதான் ஆரம்பித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. சகுனம் சரியில்லன்னு சொல்றாங்க. வைகாசில வேணாம், ஜோசியரக் கேட்டுட்டு ஆவணிக்கு மேல வச்சிக்கலாம்னு பாக்கறோம்." ஆவணிக்கு மேல் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குப் புரிந்தது. தள்ளிப்போட்ட கல்யாணங்களில் எத்தனை நின்றே போயிருக்கின்றன என்று நான் பார்த்திருக்கிறேன். நித்யாவின் முகம் வெளிறிப்போனது.

பெரியப்பா உன்னைப் பார்த்துக் கேட்டார். "தம்பி, உன்னிய யாருப்பா கறுப்பு போடச் சொன்னது?"

நீ தலையைக் குனிந்துகொண்டே, "யாரும் சொல்லல மாமா. நானாத்தான் போட்டேன். ஸ்டைலா இருக்கும்னு. தப்புதான், மன்னிச்சிடுங்க" என்றாய்.

"ஸ்டைலா? நல்ல காரியத்துல இன்னாபா ஸ்டைலு? படிச்ச புள்ளதான நீ? இவ்ளோ வெளயாட்டுத்தனமா கீறியே, உன்ன நம்பி எப்பிடி எங்க பொண்ண அனுப்பறது?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் அணைக்கவில்லை. நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மாவுக்குக் கண் தெரியாது, அம்மாவுக்காகப் போட்டேன் என்று. வாயைத் திறடா, திறடா என்று மனசுக்குள் கத்துகிறேன். நீ திறக்கவில்லை. விளையாட்டுப் பிள்ளை, பொறுப்பில்லாதவன் என்ற பேரை எல்லாம் வாங்கிக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாய். என் தலைமேல் கை வைத்துச் செய்த சத்தியத்துக்காக, நீ அத்தனை ஆசைப்பட்ட பெண் கை நழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு உன்மேல் வந்த பாசத்தையும் கோபத்தையும் என்ன சொல்வது? உன் முதுகில் நாலு சாத்து சாத்த வேண்டும் போலவும் இருந்தது, உன்னை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

வெளியே வந்தேன். காபியும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் கையோடு வந்து நின்றேன். "அவன் ஸ்டைலுக்குப் போடலைங்க. எனக்காகப் போட்டான். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. சாம்பல் கலர்ல போட்டா கட்டமே தெரியாது, அதனாலதான் கறுப்பு போட்டான். போட்டோவுக்கும் விழுந்தது தெரியாம நடந்துபோச்சு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கினது நான்தான். குத்தம் சொல்றதா இருந்தா என்னைச் சொல்லுங்க" என்றேன். நர்ஸ் வேலையில் கத்துக்கொண்ட குரல், நடுங்காமல் வந்துவிட்டது. சொல்லிவிட்டு அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் பெரியம்மா, கேட்கக் கூடாதோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டார், "இது பரம்பரயா வருங்களா?" நான் பயந்த கேள்வி அதுதான். வராது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "வரலாம்ங்க. அவனும் வருஷா வருஷம் கண்ணைக் காட்டிக்கணும். ஆரம்பத்துலயே பார்த்தா மருந்துலயே நிறுத்தி வைக்கலாம். நான்தான் பார்க்காம விட்டுட்டேன்" என்றேன். பெரியப்பா நித்யாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் அசையாமல் சொன்னாள், "எனக்குத் தெரியும் பெரியப்பா. இவங்க அம்மாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன அன்னைக்கே இவர் எங்கிட்ட சொல்லிட்டாரு."

அடப்பாவி! சத்தியம் செய்த அன்றைக்கே மீறியிருக்கிறாய்! அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? இந்தப் பெண் எல்லாம் தெரிந்தும் நம் வீட்டுக்கு வரத் தயாராக இருந்திருக்கிறாள். நான்தான் அவளை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அவள் முகத்தைப் பார்க்கக் கூசியிருக்கிறேன். அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, அடுப்புல ஏதோ கருகுது" என்றாள். வீடு முழுக்கத் தீய்ந்த பால் வாடைதான். எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பெரியப்பா மட்டும் உடனே சிரித்துவிடவில்லை, மனுஷனுக்குக் கெத்து இருக்கிறதே. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒண்ணு சொல்லணும்பா. பேங்க்கு, கேஸ் சிலிண்டரு, எந்த ஃபார்ம்னாலும் நான் யாரயாவது கூப்ட்டுதான் ஃபில் பண்ணுவேன். இந்தக் கட்டம் மட்டும் எனக்குக் கண்ணாடி இல்லாமயே பளிச்சுனு தெரிஞ்சிச்சு" என்றார். "தெரிஞ்சிச்சா? ஃபில் பண்ணிட்டே வந்திருக்கீங்க பெரியப்பா, மொத ஆளா உங்க பேருதான் இருக்கு" என்று நித்யா ஃபோனைக் காட்டினாள். மனுஷன் திட்டுவதற்கு ஃபோன் போடுவதற்கு முன்னாடியே, தன் பக்கத்து ஜனத்துக்கெல்லாம் சேர்த்து இலை சொல்லிவிட்டிருந்தார். "அது வேற, இது வேற" என்று சமாளித்தார் பார், உங்கப்பா சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தார்.

அதற்கப்புறம் நம் ஹாலில் நடந்ததுதான் எனக்கு உன் கல்யாணத்தைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ லேப்டாப்பை மடியில் வைத்துக்கொள்ள, சுற்றி உட்கார்ந்து ஆளாளுக்குக் கலர் சொன்னார்கள். பெரியம்மா மஞ்சள்தான் மங்களகரம் என்றார். மஞ்சளில் போட்டுக் காட்டினாய், வெள்ளைமேல் மஞ்சள் எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. குங்குமச் சிவப்பு போடு என்றார் உங்கப்பா. சிவப்பு என்றால் தப்பாக எழுதிவிட்டோம் என்று பயந்துவிடுவார்கள், அது தப்பைக் காட்டுகிற கலர் என்றாய் நீ. கடைசியில் நித்யாவின் அப்பா, அதுவரை வாயே திறக்காதவர், "முகூர்த்தப் புடவை அரக்கு கலர்தானே? அதையே போடேன்" என்றார். அடர்த்தியான அரக்கில் தடிமனாகக் கோடு போட்டாய். எனக்குத் தெரிந்தது. "இன்னுங்கொஞ்சம் தடிமனா போடுப்பா" என்றார் பெரியப்பா. பெரியம்மாவின் மனசு கோணக் கூடாது என்று, கட்டத்தைத் தொட்டதும் அதன் உள்பக்கம் லேசாக மஞ்சள் பூசிக்கொள்கிற மாதிரி செய்தாய். அவர் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "ஐய, மஞ்ச தடவுன மாரியே கீதே!" என்று சின்னப் பிள்ளையாகச் சிரித்தார். எந்தக் கட்டத்தில் நிற்கிறேன் என்று எனக்கும் அதனால் நன்றாகத் தெரிந்தது. வைகாசியிலேயே கல்யாணம் நடந்தது. பஸ்ஸும் சரியாக இருந்தது, இலையும் சரியாக இருந்தது, பாயசம் மட்டும் கொஞ்சம் பற்றாக்குறை.

இத்தனையும் உனக்குத் தெரிந்த கதை. ஏன் எழுதுகிறேன் என்றால், நீ மறந்துவிட்டாய். உன்னிடம் ஒரு குணம் இருக்கிறது, என்னிடமிருந்து வந்ததுதான். செய்வதைச் சரியாகச் செய்வாய், எதற்காகச் செய்தாய் என்று சொல்ல மாட்டாய். அன்றைக்குப் பெரியப்பாவிடம் "ஸ்டைல்" என்றாய், இன்றைக்கு மேனேஜரிடம் "சரி சார்" என்கிறாய். அவருக்கு அந்தச் சாம்பல் கோடு பிடித்திருக்கிறது என்றால், அவர் விரல் தடவித் தேடியதில்லை, அவ்வளவுதான், கெட்டவரெல்லாம் இல்லை. கண் டாக்டரைப் பார்க்கப் பதிவு செய்ய வருகிறவனுக்குக் கண் நன்றாகவா இருக்கும்? காய்ச்சலில் கிடக்கிறவனுக்குத் தலை நிமிர்ந்தா இருக்கும்? "சார், எங்கம்மாவுக்குத் தெரியல" என்று போய்ச் சொல்லு. என் பேரைச் சொல்லக் கூச்சப்படாதே, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். வேண்டுமானால் அந்த மனுஷனை வீடியோ காலில் கூப்பிடு, நான் வயசு கேட்கிற இடத்தில் தாம்பரம் என்று அடித்துக் காட்டுகிறேன். சொல்லியும் கேட்கவில்லை என்றால் அது அவர் பாடு, சொல்லாமல் விட்டால் அது உன் பாடு.

நித்யாவிடமும் இப்படித்தான் இரு. அவள் மனசு கஷ்டப்படுமே என்று எதையும் மூடி மூடி வைக்காதே, அவள் தாங்குகிற பெண். உனக்கு அலுப்பாக இருந்தால் அலுப்பு என்று சொல், கோபம் என்றால் கோபம் என்று சொல்லு, அவளே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று உம்மென்று உட்காராதே. இன்னொன்று, அன்றைக்குப் பெரியம்மாவுக்கு நான் கொடுத்த வார்த்தை இன்னும் நிலுவையில் நிற்கிறது. கல்யாணமாகி இத்தனை மாதம் ஆகியும் நீ போய்க் கண்ணைக் காட்டவில்லை என்று நித்யா போட்டுக்கொடுத்துவிட்டாள். "நல்லாத்தான தெரியுது" என்றாயாம். எனக்கும் நல்லாத்தான் தெரிந்தது, அந்த ஆட்டோ வரும் வரைக்கும். இந்த வாரமே போ. போய்விட்டு வந்து டாக்டர் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, வெறும் கட்டைவிரலைக் காட்டி ஏமாற்ற வேண்டாம்.

இப்போது ஆபரேஷன் விஷயம். மருந்து போட்டும் அழுத்தம் இறங்கவில்லை. வலது கண்ணில் புரையையும் எடுத்துவிட்டு அழுத்தம் குறையவும் வழி பண்ணிவிடலாம் என்கிறார் டாக்டர். எனக்கு நன்றாகத் தெரிகிற கண் அதுதான். இடது கண்ணில் மிச்சம் அதிகமில்லை என்று உன்னிடம் நான் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். பெரும்பாலும் நல்லபடியாகத்தான் முடியும் என்றார். பெரும்பாலும் என்ற வார்த்தையை டாக்டர்கள் எப்போது சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், பக்கத்திலேயே நின்று கேட்டிருக்கிறேன். உங்கப்பா கூட வருவார், ஊசியைப் பார்த்தால் அவரைத்தான் முதலில் படுக்க வைக்க வேண்டியிருக்கும். பகலில் அவரிடம் ஜோக் அடித்துக்கொண்டு திரிகிறேன். சாமான்களை எல்லாம் கை பழகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வைத்துப் பார்க்கிறேன், அவர் பார்த்தால் டப்பா துடைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நீ கேட்டபோது வேண்டாம் என்று ஏன் சொன்னேன்? உனக்கு லீவு கிடைக்காதே, அலைச்சலாச்சே, நித்யா வீட்டில் என்ன நினைப்பார்களோ என்றெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டேன். எதுவும் நிஜமில்லை. எத்தனை பேர் கையைப் பிடித்துக்கொண்டு "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருப்பேன், எனக்கே பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

தினேஷ், எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து மறுநாள் காலையில் கண் கட்டைப் பிரிப்பார்களாம். பார்வை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அந்த நேரத்தில் நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும். வாடா.

உன் அம்மா